சுங்குடி என்னும் பெயர் யாருக்குரியது?

மதுரையில் விளக்குத்தூணைச் சுற்றியுள்ள துணிக்கடைகளில் ‘சுங்குடி’ என்னும் ஒரே பெயரில் இருவகைப் புடவைகள் விற்கப்படுவதுண்டு. பருத்தித் துணியைச் சிறுசிறு முடிச்சுகளாக நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்த்து, உலர்ந்தபின் அவிழ்த்துப் பெறுவது ஒருவகை. சாயம் ஏறாத இடங்கள் அதில் வெண்புள்ளிகளாகத் தெரியும். புள்ளிகளைத் துணியின்மேல் அச்சிட்டுப் பெறுவது மற்றொரு வகை. முன்னதற்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகளும் பல நாள் உழைப்பும் வேண்டும். பின்னது விரைவில் முடிந்துவிடும். பெயர் ஒன்றாயிருப்பதால் வாங்குவோர் விலையை மட்டுமே ஒப்பிடுகின்றனர். வீட்டிலிருந்தபடியே முடிச்சிடும் பெண்களின் கூலி குறையத் தொடங்கும் இடம் இதுதான்.

பெயரே பண்டத்தை விற்கிறது என்பதை வணிகர்கள் நெடுங்காலமாக அறிவர். ஒருமுறை வாங்கி நிறைவடைந்தவர் மறுமுறை பெயரைச் சொல்லியே கேட்கிறார். அந்நம்பிக்கையைப் பிறர் களவாடாதிருக்கவே வணிகச் சின்னச் சட்டம் உள்ளது. நம் நாட்டில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு நிறுவனம் தன் பெயரையோ படத்தையோ பதிவுசெய்து கொள்ளலாம். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். கட்டணம் செலுத்தி மீண்டும் மீண்டும் புதுப்பிக்கலாம். பொட்டலங்களில் காணும் வட்டத்துக்குள் அமைந்த ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்து, பதிவு முடிந்ததைக் குறிக்கும். பதிவு செய்யாமலே அதனை அச்சிடுவது குற்றமாகும்.

ஆனால், ‘மதுரைச் சுங்குடி’ எந்தக் கடைக்கும் சொந்தமன்று. குசராத்திலிருந்து வந்து நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைபெற்ற சௌராட்டிர மக்கள் வளர்த்த கைத்தொழில் அது. இத்தகைய பெயரை ஒருவர் தம் வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டால் ஏனையோர் தம் பரம்பரைத் தொழிலின் பெயரையே சொல்ல இயலாது போவர். எனவே, ஊரோடு பிணைந்த பெயர்களுக்கெனப் புவிசார் குறியீட்டுச் சட்டம் தனியே இயற்றப்பட்டது. அதுவும் 1999ஆம் ஆண்டினதே. 2003இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா முழுமைக்குமான அதன் பதிவகம் சென்னையில் அமைந்திருப்பது பலரும் அறியாத செய்தி. டார்ஜிலிங் தேயிலை முதலில் பதிவாயிற்று. மதுரைச் சுங்குடி 2005இல் பதிவுபெற்றது. தடித்த இதழும் நீங்கா நறுமணமும் உடைய மதுரை மல்லி 2013இல் பெற்றது.

வணிகச் சின்னத்தை உரியவர் விற்கலாம். பிறருக்கு மாற்றித் தரலாம். புவிசார் குறியீட்டை அவ்வாறு விற்கவோ அடகு வைக்கவோ இயலாது. உற்பத்தியாளர் சங்கம் போன்றதோர் அமைப்பு அதனைப் பதிவுசெய்யும். அதன்பின் ஒவ்வொரு கைவினைஞரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ எனத் தம்மைத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். ஊருக்குக் கிடைத்த உரிமை தமக்குத் தானாகவே வந்துசேரும் என்று இருந்துவிடுவோர்க்கு அப்பதிவால் பயன் சிறிதே. மல்லிகைக்கோ இன்னொரு தடையும் உண்டு. விடியலில் பறித்து எடைபோட்டு விற்கும் உதிரிப்பூவின்மேல் எந்த முத்திரையை ஒட்டுவது?

சட்டம் காப்பது பெயரையே. புள்ளியிட்ட புடவையை அச்சிடுவதை அது தடுப்பதில்லை. அச்சிட்டதனை மதுரைச் சுங்குடி என்று விற்பதையே தடுக்கிறது. ஆயினும், புள்ளியுள்ள புடவை எல்லாவற்றையும் சுங்குடி என்றே மக்கள் அழைக்கப் பழகிவிட்டால், அப்பெயர் ஓர் ஊரின் தொழிலைச் சுட்டாமல் வெறும் பொதுச்சொல்லாக மெலிந்துவிடும். ‘ஆஸ்பிரின்’ என்பது ஒருகாலத்தில் பேயர் என்னும் செருமானிய நிறுவனத்தின் வணிகச் சின்னம். அமெரிக்காவில் மக்கள் அம்மருந்துக்கே அப்பெயரை வழங்கியமையால், 1921இல் அங்கு நீதிமன்றத் தீர்ப்பினால் அது பொதுப்பெயராயிற்று. ஒரு பெரிய நிறுவனத்துக்கே நேர்ந்தது இது. வழக்காடப் பொருளற்ற சாயத்தொழிலாளர் நிலை இன்னும் கடினமானது.

கடையில் இரண்டையும் வேறுபடுத்தி அறிவது அரிதன்று. முடிச்சிட்ட துணியைத் தடவினால் புள்ளிதோறும் சிறு சுருக்கம் விரலில் தட்டுப்படும். ஒரு புள்ளியைப்போல் மற்றொன்று இராது. அச்சிட்ட புடவையில் துணி வழவழப்பாக இருக்கும். புள்ளிகள் அனைத்தும் ஓரளவாய் நிற்கும்.