பங்களா வாசலில் கூடாரம்

வேலையை விட்டு நீக்கிய தோட்ட முதலாளியின் பங்களா முன்னால் கூடாரம் அடித்து, ஆடிப் பாடி வேலை கேட்கிறார் ஓர் இளைஞர். இயக்குநர் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ படம், 1964. திடலில் திரை கட்டிப் படம் பார்த்த கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தைத் தோட்டத்துப் பெரியவர்களைக் கேளுங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள்!

அந்த இளைஞர் ரவிச்சந்திரன், நம் மலேசிய மண்ணில் பிறந்தவர். முதல் படமே வெள்ளி விழா. பிறகு ‘இதயக்கமலம்’, ‘அதே கண்கள்’, ‘நான்’ என்று வரிசையாக நாயக வேடங்கள். வாய்ப்புகள் குறைந்த பின்னும் அவர் ஒதுங்கிவிடவில்லை. 1986இல், திரைப்படக் கல்லூரி மாணவர்கள் உருவாக்கிய ‘ஊமை விழிகள்’ படத்தில் கடற்கரை விடுதி நடத்தும் கொலைகாரராக வந்து நடுங்க வைத்தார். காதல் நாயகனாகக் கொண்டாடப்பட்டவர் அப்படியொரு வேடத்தை ஏற்றதுதான் அவருடைய பெரிய துணிச்சல். 2011 ஜூலையில் காலமாகும்வரை ரசிகர்கள் அவரை மறக்கவில்லை.