ஒன்பது அஞ்சலட்டைகளும் ஒரு சன்னலும்

வங்கிக் கிளையில் வரிசைச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் காத்திருந்தவர் எவரும் அங்குள்ள ஓசைகளை அறிவர். எண் மாறுகையில் எழும் மணியோசை, நோட்டெண்ணும் இயந்திரத்தின் படபடப்பு, முத்திரை விழும் சத்தம், குளிர்சாதனத்தின் ஓயாத முனகல். இவை யாவும் நம் காதில் விழுகின்றன. ஆனால் நாம் கேட்பதில்லை. நம் எண் வந்துவிட்டதா என்பதொன்றையே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக் காதில் விழுந்தும் கேட்கப்படாமற்போகும் ஓசைகளை இசையின் அண்டைவீட்டாராகக் கருதிய சிலர் 1980களில் டோக்கியோவில் வாழ்ந்தனர். தாங்கள் இயற்றியதற்கு அவர்கள் வழங்கிய பெயர் ‘கங்க்யோ ஒங்காகு’. கங்க்யோ என்பது சுற்றுச்சூழல். ஒங்காகு என்பது இசை. தமிழில் சூழலிசை என்று சொல்லிக்கொள்வோம்.

முதன்முறை இதனைக் கேட்டபோது நமக்கு ஏமாற்றமே மிஞ்சியது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பல்லவி வரும், ஆலாபனை விரியும், தாளம் சூடுபிடிக்கும் என்று பழகிய காது, மூன்று நான்கு சுரங்கள் மெல்ல வந்து, நின்று, மீண்டும் அதேபோல் வருவதைக் கண்டு பொறுமையிழந்தது. ‘இன்னும் தொடங்கவில்லை போலும்’ என்று எண்ணிக்கொண்டிருக்கையிலேயே உருப்படி முடிந்துவிட்டது. பின்னர் ஒரு மழைநாளில், வேறு வேலையாக இருந்தபோது, அதே இசை பக்கத்து அறையிலிருந்து வந்தது. அப்போதுதான் அது என்ன செய்கிறது என்பது பிடிபட்டது. மழையின் ஓசை அதற்குள் இடம்பிடித்துக்கொண்டிருந்தது. அது மழைக்கு வழிவிட்டு நின்றது.

நாம் கேட்டது ஹிரோஷி யோஷிமுரா 1982ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஒன்பது அஞ்சலட்டைகளுக்கான இசை’ என்னும் தொகுப்பு. 1940இல் யோகோஹாமாவில் பிறந்த யோஷிமுராவின் முதல் இசைத்தட்டு அது. டோக்கியோவின் ஷினகாவா பகுதியில் ஹரா தற்காலக் கலை அருங்காட்சியகம் இருந்தது. 1938இல் கட்டடக் கலைஞர் ஜின் வதனாபே, ஹரா குடும்பத்தாரின் இல்லமாக வடிவமைத்த வீடு அது, 1979இல் அருங்காட்சியகமாயிற்று. வங்கி இதழ் என்பதால் ஓர் இடைச்செருகல்: அக்குடும்பத்தின் முன்னோரான ரொகுரோ ஹரா, பத்தொன்பதாம் நூற்றாண்டில் யோகோஹாமா ஸ்பீசி வங்கியின் தலைவராக இருந்தவர்.

அந்த வீட்டின் பெரிய சன்னல்களுக்கு அப்பால் முற்றமும் மரங்களும் தெரியும். அங்கே நின்று பார்த்த யோஷிமுராவுக்கு, தாம் வீட்டில் இயற்றிக்கொண்டிருந்த சிறு இசைத்துண்டுகள் இவ்விடத்துக்கே உரியவை என்று பட்டது. அவற்றை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அங்கே அவை ஒலித்தன. படம் பார்க்க வந்தவர்கள் ‘இந்த இசை எங்கே கிடைக்கும்?’ என்று கேட்கத் தொடங்கியதன் பின்னரே அது இசைத்தட்டாக வெளிவந்தது. மேகம், மழை, சன்னலிலிருந்து தெரியும் காட்சி, நகரத்தில் பெய்யும் பனி என அவற்றின் பெயர்களும் அஞ்சலட்டையின் பின்புறம் எழுதத்தக்க சிறு செய்திகளைப் போன்றவையே.

கருவியும் எளியது. அந்தத் தொகுப்பில் பெரிதும் ஒலிப்பது ஃபெண்டர் ரோட்ஸ் என்னும் மின்பியானோ. அதனுள் கம்பிகளுக்குப் பதிலாக மெல்லிய உலோகக் குச்சிகள் இருக்கும்; சிறு சுத்தி அவற்றைத் தட்டும்; அந்த அதிர்வை மின்காந்தம் வாங்கிப் பெரிதாக்கும். மெதுவாக அழுத்தினால் கோயில் மணியின் கடைசிக் கார்வை போன்ற உருண்ட ஒலி எழும். அது மெல்லத் தேய்ந்து மறையும். யோஷிமுரா அந்தத் தேய்தலைத்தான் இசைத்தார் என்று நமக்குத் தோன்றுகிறது. ஒரு சுரம் முற்றிலும் மறையுமுன் அடுத்ததைத் தொட அவர் அவசரப்படுவதில்லை.

இனி, இதன் இசைவுக்கு வருவோம். நம் இசை ஒரு சுரத்தின் பின் மறுசுரமாக நகர்வது. மேலை இசையோ பல சுரங்களை ஒருசேர ஒலிக்கச் செய்து, அக்கூட்டுகளை அடுக்கிச் செல்வது. அக்கூட்டுகளுக்குள் ஓர் ஈர்ப்பு உண்டு. நமக்குத் தெரிந்த சொற்களில் சொன்னால், காகலி நிஷாதத்தில் வந்து நின்ற குரல் மேல் சட்ஜத்தைத் தொடாமல் நின்றுவிட்டால் கேட்பவருக்கு எப்படியிருக்கும்? படியில் ஒரு காலை உயர்த்தியவர் அப்படியே நிற்பது போலிருக்கும். இந்தத் தவிப்பை எழுப்புவதும் பின்பு தணிப்பதும்தான் மேலைச் செவ்விசையின் முதன்மையான வேலைகளுள் ஒன்று.

சூழலிசையில் அடிக்கடி வரும் கூட்டொன்று இந்தத் தவிப்பை வேறுவிதமாகக் கையாள்கிறது. ச, க, ப மூன்றும் ஒலிக்கையில், அவற்றோடு அந்த நிஷாதத்தையும் சேர்த்து ஒலிக்க விடுவது. சட்ஜத்தை நோக்கி ஏங்கவேண்டிய நிஷாதம், சட்ஜத்தோடு ஒரே அறையில் அமர்ந்துவிடுகிறது. போகவேண்டிய இடத்துக்கு முன்னமே வந்துசேர்ந்துவிட்டதால் அதற்கு அவசரமில்லை. ஆயினும் அந்த ஏக்கத்தின் சிறு நிழல் மட்டும் கூட்டின் மேல் படிந்திருக்கும். மகிழ்ச்சியா துயரமா என்று பிரித்துச் சொல்ல இயலாத மனநிலை அங்கிருந்துதான் பிறக்கிறது.

இது யோஷிமுராவின் கண்டுபிடிப்பன்று. பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாத்தி 1888இல் எழுதிய முதலாம் ‘ஜிம்னோபெதி’, இத்தகைய இரு கூட்டுகளுக்கிடையே ஊஞ்சலாடியே தொடங்குகிறது. பிற்காலத்தில் சாத்தி ‘அறைகலன் இசை’ என்று ஒன்றை முன்வைத்தார்: நாற்காலியைப் போல, மேசையைப் போல, அறையில் இருக்கட்டும், யாரும் உற்றுக் கேட்க வேண்டா. 1920இல் பாரிஸில் ஒரு நாடகத்தின் இடைவேளையில் அதை வாசிக்கச் செய்தார். இசை தொடங்கியதும் மக்கள் மரியாதையாக வாய்மூடிக் கேட்கத் தலைப்பட்டனர். சாத்தி பதறிப்போய், பேசுங்கள், நடமாடுங்கள், கேட்காதீர்கள் என்று அவர்களிடையே வேண்டிக்கொண்டு திரிந்தாராம்.

அந்த விதை டோக்கியோவில் முளைத்தது. இக்கெபுக்குரோவிலுள்ள செய்பு பல்பொருள் அங்காடியின் கலைப்புத்தகக் கடையில் பணியாற்றிய சத்தோஷி அஷிகாவா என்னும் இளைஞர், ‘அலைக் குறியீடு’ என்ற பெயரில் ஓர் இசைத்தட்டு வரிசையைத் தொடங்கினார். முதலாவது யோஷிமுராவின் அஞ்சலட்டைகள். இரண்டாவது அஷிகாவாவே இயற்றியது. மூன்றாவது சத்சுகி ஷிபானோ பியானோவில் வாசித்த சாத்தியின் இசை. மூன்றாவது வெளிவந்த 1984இல் அஷிகாவா உயிரோடு இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, முப்பது வயதளவில், ஒரு விபத்தில் மறைந்துவிட்டார்.

சாத்தியும், 1978இல் ‘விமான நிலையங்களுக்கான இசை’யை இயற்றிய ஆங்கிலேயர் பிரையன் ஈனோவும் வழிகாட்டினர் என்பது உண்மை. எனினும் ஜப்பானியக் காது இதற்கு முன்னமே பழகியிருந்தது. ‘மா’ என்றொரு சொல் அங்கே உண்டு. இடைவெளி என்பது அதன் பொருள். இரு பொருள்களுக்கிடையேயும் இரு ஒலிகளுக்கிடையேயும் இருப்பது. அதன் எழுத்துருவில் வாயிற்கதவுகள் இரண்டின் நடுவே கதிரவன் தெரியும். பழைய வடிவத்தில் நிலவு. கதவிடுக்கு வெறுமை அன்று, ஒளி வரும் வழி.

தோட்டக்கலையிலும் இதைக் காணலாம். ‘சுயிகின்குத்சு’ என்பது கைகழுவும் கல்தொட்டியின் அருகே மண்ணுக்குள் கவிழ்த்துப் புதைத்த ஒரு பானை. அதன் அடியிலுள்ள துளை மேல்நோக்கியிருக்கும். கை கழுவிய நீர் துளித்துளியாக அதன்வழி இறங்கி, உள்ளே தேங்கிய நீரில் விழும்போது பானை முழுதும் மணிபோல் அதிரும். குனிந்து காதைத் தாழ்த்தினாலன்றிக் கேளாது. எதோ காலத்துத் தோட்டக்காரர்கள் செய்து பழகிய இந்தப் பானையை, யோஷிமுராவின் இசையைக் கேட்கையிலெல்லாம் நாம் நினைத்துக்கொள்கிறோம். இன்னொரு வழக்கத்துக்கு ‘ஷக்கெய்’ என்று பெயர். கடன்பெற்ற காட்சி என்று பொருள். கியோட்டோவின் என்ட்சூஜி ஆலயத் தோட்டம், தொலைவிலுள்ள ஹியெய் மலையைத் தன் பின்புலமாகக் கடன் வாங்கியிருக்கிறது. ஈடும் இல்லை, வட்டியும் இல்லை. சூழலிசையும் அவ்வாறே நம் சன்னலுக்கு வெளியே உள்ள ஓசைகளைக் கடன் வாங்கிக்கொள்கிறது.

இங்கே ஒரு சங்கடமான கேள்வியைத் தாண்டிச் செல்லலாகாது. இந்த இசையின் பெரும்பகுதி நிறுவனங்களின் பணத்தில் பிறந்தது. யோஷிமுராவின் 1984ஆம் ஆண்டுத் தொகுப்பு ஷிசெய்டோ நிறுவனத்தின் நறுமணப் பொருளுக்காகச் செய்யப்பட்டது. 1986ஆம் ஆண்டின் ‘சரவுண்ட்’, மிசாவா ஹோம்ஸ் நிறுவனத்தின் வீடுகளுக்காக. புகழ்பெற்ற இசைஞர் ஹருவோமி ஹொசோனோ, மூஜி கடைகளில் ஒலிக்க இசையமைத்தார். தக்காஷி கொகுபோவின் 1987ஆம் ஆண்டுத் தொகுப்பு, சான்யோ குளிர்சாதனம் வாங்கியவர்களுக்கு இனாமாகக் கிடைத்தது. யென்னின் மதிப்பு உயர்ந்து, நிலமும் பங்கும் விண்ணைத் தொட்ட காலம் அது. 1989 டிசம்பர் 29 அன்று நிக்கேய் குறியீடு 38,915 புள்ளிகளில் முடிந்தது. அந்த உயரத்தை மீண்டும் தாண்ட 2024 பிப்ரவரி வரை காத்திருக்க நேர்ந்தது. பணம் பொங்கிய அந்நாள்களில் நிறுவனங்கள் அமைதியையும் விலைகொடுத்து வாங்கின.

அப்படியானால் இது விளம்பரத்தின் ஒரு கிளைதானா? ‘மூஜி’ இசையைக் கேட்ட ஒருவர் இரண்டு துண்டுகளும் ஒரு குறிப்பேடும் கூடுதலாக வாங்கியிருக்கக்கூடும், மறுப்பதற்கில்லை. ஆனால் விற்பதற்காகவே செய்யப்படும் இசைக்கு ஓர் அடையாளம் உண்டு: அது நம்மை விடாது. சட்டையைப் பிடித்து இழுக்கும். வீடு திரும்பிய பின்னும் வாயில் முணுமுணுக்கும். யோஷிமுராவின் இசை நம்மை எங்கும் இழுப்பதில்லை. கேட்காமல் விட்டாலும் கோபித்துக்கொள்வதில்லை. கோயில் தூணைச் செதுக்கிய சிற்பிக்கும் யாரோ ஒருவர் கூலி கொடுத்தார் அல்லவா? கூலி எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிலும், கொடுத்தவர் போன பிறகு எஞ்சுவது எது என்பதையே நாம் பார்க்கிறோம். குளிர்சாதனங்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. கொகுபோவின் அலையோசை இருக்கிறது. அவரே பின்னாளில் ஜப்பானியக் கைப்பேசிகளுக்கு நிலநடுக்க முன்னெச்சரிக்கை ஒலியையும் வடிவமைத்தார். உறங்க வைக்கத் தெரிந்தவருக்கே உறங்குபவரை எழுப்பவும் தெரியும் போலும்.

1985-86 குளிர்காலத்தில் யோஷிமுரா தம் இல்லத்திலேயே பதிவு செய்த ‘கிரீன்’ பலருக்கு விருப்பமானது. இங்கே மின்பியானோவுக்குப் பதிலாக யமஹாவின் மின்னிசைக் கருவிகள். ஒலி கண்ணாடியைப் போல் தெளிந்தது. கிரீக், ஃபீல், ஷீப், ஸ்லீப், கிரீன், ஃபீட், ஸ்ட்ரீட், டீவீ என எட்டு உருப்படிகளின் பெயரிலும் ஈகாரம் ஒலிக்கும். அமெரிக்காவில் வெளியான பதிப்பில் நீரோடை, பறவை முதலிய இயற்கை ஒலிகளைக் கூட்டியிருந்தனர். நம் கருத்தில் அது தேவையற்ற வேலை. பறவைக்கு இடம் விட்டுச் செய்த இசையில் பறவையை ஒட்டவைத்தால், நம் வீட்டுக் காகத்துக்கு அங்கே இடமேது?

எல்லாச் சூழலிசையும் இவ்வளவு மெல்லியது என்று எண்ணிவிட வேண்டா. தாளக்கருவிக் கலைஞர் மிதோரி தக்காதா 1983இல் இரண்டே நாள்களில், எல்லாக் கருவிகளையும் தாமே வாசித்துப் பதிவு செய்த ‘கண்ணாடியின் ஊடே’ நான்கு உருப்படிகள் கொண்டது. மரிம்பா, சேகண்டி, காற்றுக்கருவி, கொக்கோ கோலா புட்டி எல்லாம் அதில் உண்டு. வெவ்வேறு நீளமுள்ள தாளச் சொற்கட்டுகள் ஒன்றன்மேலொன்று விழுந்து, விலகி, மீண்டும் ஓரிடத்தில் சந்திக்கும். தனியாவர்த்தனத்தில் கணக்கு வைத்துக் கேட்கும் அன்பர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

இவற்றுள் எதுவும் வெளிவந்த காலத்தில் பெருமளவில் விற்கவில்லை. குமிழி உடைந்தது, தட்டுகள் பழைய கடைகளின் மூலைக்குப் போயின. யோஷிமுரா 2003இல் காலமானார். அதன் பிறகே, யாரோ யூடியூபில் ஏற்றிய பதிவுகளை அத்தளத்தின் பரிந்துரைக் கணக்கு முன்பின் அறியாதவர்களிடமெல்லாம் கொண்டுசேர்த்தது. 2017இல் அஞ்சலட்டைகளும் தக்காதாவின் தட்டும் மறுபதிப்புக் கண்டன. 2019இல் வெளிவந்த ‘கங்க்யோ ஒங்காகு’ திரட்டு கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. தக்காதா மீண்டும் மேடையேறி உலகமெங்கும் வாசிக்கிறார். யோஷிமுராவுக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை.

கேட்க விரும்புவோர்க்கு இரண்டொரு குறிப்பு. காதுக்குள் செருகும் ஒலிப்பான் வேண்டா; வெளியோசையை அடைத்துவிட்டால் இந்த இசை பாதியாகிவிடும். அறையின் ஒரு மூலையில் சிறு ஒலிப்பெட்டியை வைத்து, தாழ்ந்த குரலில் பேசும் இருவரின் பேச்சு எவ்வளவு கேட்குமோ அவ்வளவுக்கு ஒலியைக் குறைத்து, சன்னலைத் திறந்துவிடுக. விளம்பரம் குறுக்கிடும் இலவசச் செயலியில் கேட்டு நாம் பட்ட பாட்டை இங்கே விரிக்கவில்லை.

ஹரா அருங்காட்சியகம் 2021 சனவரியில் மூடப்பட்டது. யோஷிமுரா நின்று பார்த்த சன்னல் இப்போது இசைத்தட்டில்தான் இருக்கிறது. நேற்றிரவு அதை மீண்டும் ஒலிக்கவிட்டோம். மூன்றாவது அஞ்சலட்டையில் ஒரு கூட்டு எழுந்து, தேய்ந்து, அடுத்தது வருமுன் நீண்ட இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் அடுத்த வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடித்தது. பிறகு பியானோ தொடர்ந்தது.