நியூசிலாந்தில் நாம் விருந்தாளிகள்

கோடை விடுமுறைக்குக் குலு, மணாலி, நைனிடால் என்று போய் வந்துகொண்டிருந்த நம் குடும்பங்களில் பல இப்போது நியூசிலாந்து வரை புறப்பட்டுவிடுகின்றன. 2000-ஆம் ஆண்டில் வந்த 'கஹோ நா ப்யார் ஹை' என்ற இந்திப் படம் அந்த நாட்டின் ஏரிகளையும் மலைகளையும் வீட்டுக்குள் கொண்டுவந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். சுற்றுலா நிறுவனங்கள் பத்துப் பன்னிரண்டு நாட்களில் வட தீவு, தென் தீவு இரண்டையும் காட்டி அழைத்து வருகின்றன. பயணத் திட்டத்தைப் பார்த்தால் இடையில் ஒரு வரி தென்படும்: "மாலை: மாவோரி கலாச்சார நிகழ்ச்சி, இரவு உணவு." அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன். மலையும் அருவியும் யாரும் சொல்லித் தராமலே கண்ணில் படும், இது அப்படியல்ல.

முதலில் நாட்டைப் பற்றிச் சுருக்கமாக. பரப்பில் தமிழ்நாட்டைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. மக்கள் தொகையோ 50 லட்சத்தைச் சுற்றி, அதாவது சென்னைப் பெருநகரத்தைவிடக் குறைவு. பசிபிக் தீவுகளிலிருந்து படகேறி 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்களே மாவோரிகள். 1840 பிப்ரவரி 6 அன்று வைத்தாங்கியில் ஆங்கிலேயருக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆங்கிலப் பிரதி சொன்னதும் மாவோரிப் பிரதி சொன்னதும் ஒன்றல்ல. அதனால் விளைந்த நில வழக்குகள் இன்றுவரை பேசப்படுகின்றன.

ஆக்லாந்தில் இறங்கிய குழுக்கள் பெரும்பாலும் வைட்டோமோ குகைக்குப் போகும். இருட்டில் படகில் அமர்ந்து அண்ணாந்து பார்த்தால், கூரையெல்லாம் நட்சத்திரம் போல் மின்னும். ஒரு வகைக் கொசு இனத்தின் புழுக்கள் பிசுபிசுப்பான நூல்களைத் தொங்கவிட்டு, வெளிச்சம் காட்டிப் பூச்சிகளைப் பிடிக்கின்றன. 1887-இல் தானே தினோராவ் என்ற மாவோரித் தலைவர் ஓர் ஆங்கிலேயருடன் உள்ளே போய்ப் பார்த்த குகை இது. 1906-இல் அரசு எடுத்துக்கொண்டது. 1989-இல் நிலமும் குகையும் வாரிசுகளுக்கே திரும்பின. அங்கே வழிகாட்டுபவர் தினோராவின் வம்சத்தவராகவே இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள், மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

அடுத்தது ரோட்டருவா. ஊருக்குள் நுழையும்போதே கந்தக வாடை வரும். போஹுடு வெந்நீர் ஊற்று சில வேளைகளில் 30 மீட்டர் உயரம் வரை பீறிட்டு எழும். இந்த வட்டாரத்தில் வழிகாட்டிகளுக்கென்றே ஒரு வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் உலகெங்குமிருந்து ஆட்கள் பார்க்க வந்தது தாரவேரா மலையடியிலிருந்த இளஞ்சிவப்பு, வெள்ளைப் படிக்கட்டுப் பாறைகளை. அங்கே அழைத்துப் போனவர்களில் பெயர் பெற்றவர் சோஃபியா ஹினேராங்கி என்ற பெண்மணி. 1886 ஜூன் 10 நள்ளிரவுக்குப் பின் மலை வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், படிக்கட்டுகளும் போயின. டெ வைரோவா கிராமத்தில் சோஃபியாவின் வீடு தாங்கி நின்றது. அறுபதுக்கு மேற்பட்டவர்கள் அதற்குள் அடைக்கலம் புகுந்து பிழைத்தனர். பிறகு அவர் ஃபாக்கரேவாரேவா கிராமத்துக்கு வந்து அங்கும் வழிகாட்டியாக இருந்தார்.

அவருக்கு அடுத்த தலைமுறையில் மாக்கரேட்டி. பயணி ஒருவர் குடும்பப் பெயர் என்ன என்று கேட்க, பக்கத்திலிருந்த பாப்பகூரா ஊற்றைப் பார்த்து அதையே தன் பெயராகச் சொல்லிவிட்டாராம். 'மேகி பாப்பகூரா' என்று உலகம் அறிந்தது அப்படித்தான். பின்னர் இங்கிலாந்து சென்று ஆக்ஸ்ஃபோர்டில் மானிடவியல் படித்துத் தன் மக்களின் பழைய வாழ்க்கையைத் தானே எழுதினார். 1930-இல் காலமானார், நூல் 1938-இல் வெளிவந்தது. நம்மை அழைத்துப் போகும் வழிகாட்டியை வெறும் 'கைடு' என்று எண்ணாமலிருக்க இந்த இரு பெண்களின் கதை போதும்.

இப்போது அந்த மாலை நிகழ்ச்சிக்கு வருவோம். பயணிகளுக்காகச் சுருக்கப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் அதன் எலும்புக்கூடு அசல். 'மராயே' எனப்படும் பொது முற்றத்தில் வெளியூராரை வரவேற்கும் முறை அது. பெண்ணொருத்தி நீண்ட குரலெடுத்து அழைப்பாள். வீரன் ஒருவன் ஈட்டியைச் சுழற்றிக்கொண்டு வந்து ஒரு தழையைத் தரையில் வைப்பான். வந்தவர் நண்பரா, பகைவரா என்று கேட்கும் கேள்வி அது. நம் குழுவின் 'தலைவர்' அதைக் குனிந்து எடுத்தால் நண்பர் என்று பொருள். இந்த நேரத்தில் நாக்கை நீட்டி விழியை உருட்டுவதைக் கண்டு சிரிப்பதும், நாமும் செய்து காட்டுவதும் பெருத்த மரியாதைக் குறைவு. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பெரியவர்களிடமும்தான்.

பிறகு பேச்சு. ஒவ்வொரு பேச்சுக்குப் பின்னும் பேசியவரைத் தாங்கும் விதமாக அவர் பக்கத்தார் ஒரு பாட்டுப் பாட வேண்டும். விருந்தாளிகளும் பாட வேண்டிய முறை வருவதுண்டு. அப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, கடைசியில் ஏதோ சினிமாப் பாட்டின் அரை வரியோடு நின்றுபோவதைவிட, எல்லோருக்கும் தெரிந்த பாரதியார் பாட்டொன்றைப் புறப்படும் முன்பே இரண்டு முறை சேர்ந்து பாடிப் பார்த்துவிட்டுப் போகலாம். இறுதியில் மூக்கும் நெற்றியும் தொட்டு மூச்சைப் பகிர்ந்துகொள்வது 'ஹோங்கி'.

கூட்ட மண்டபத்துக்குள் போகும்போது செருப்பைக் கழற்ற வேண்டும். நமக்கு இது புதிதல்ல. மண்டபம் ஒரு முன்னோரின் உடல்: நடு உத்தரம் முதுகெலும்பு, கைமரங்கள் விலா எலும்புகள், முகப்பின் சரிவுப் பலகைகள் விரித்த கைகள். தலை புனிதமானது என்பதால் தலையணையில் உட்காரக் கூடாது. சாப்பாட்டு மேசைமீதும் உட்காரக் கூடாது.

அவர்கள் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் முறையைக் கவனியுங்கள். பெயர் கடைசியில்தான் வரும். என் மலை இன்னது, என் ஆறு இன்னது, முன்னோர் வந்த படகு இன்னது, குலம் இன்னது என்று சொல்லிக்கொண்டு போவார்கள். தில்லியிலோ பிலாயிலோ பிறந்து வளர்ந்த நம் பிள்ளையிடம் "உன் ஆறு எது?" என்று கேட்டால் தாமிரபரணி என்பானா, யமுனை என்பானா?

இந்தக் கேள்வி மாவோரிகளுக்கும் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேலை தேடி அவர்கள் பெருமளவில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக அடி வாங்கிய தலைமுறை, தன் பிள்ளைகளுக்கு ஆங்கிலமே போதும் என்றிருந்தது. எழுபதுகளில் பார்த்தால் சரளமாகப் பேசுவோர் வயதானவர்கள் மட்டுமே. 1972-இல் 30,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு நாடாளுமன்றத்துக்குப் போனது. 1982-இல் வெலிங்டன் அருகே வைனுயோமாட்டாவில் முதல் 'மொழிக் கூடு' தொடங்கியது. பள்ளி வயது எட்டாத குழந்தைகள் நாள் முழுவதும் பாட்டிமாரோடு இருப்பார்கள். காதில் விழுவது மாவோரி மட்டும். அரசுத் துறையின் ஊக்கம் இருந்தது என்றாலும், தாங்கி நடத்தியவர்கள் பாட்டிகளும் பெற்றோர்களும்தான். சில ஆண்டுகளிலேயே இக்கூடுகள் நூற்றுக்கணக்கில் பெருகின. 1987-இல் மாவோரி ஆட்சிமொழியானது. 2004-இல் அதற்கெனத் தொலைக்காட்சி வந்தது. 2023 கணக்கெடுப்பின்படி பேசக்கூடியவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். ஆபத்து நீங்கிவிட்டது என்று அவர்களே சொல்வதில்லை. நம் சங்கங்களில் ஞாயிறன்று ஒரு மணி நேரம் நடக்கும் தமிழ் வகுப்பு எழுத்தைத் தருகிறது. பேச்சைத் தருவதற்கு வீட்டில் ஒரு பாட்டி வேண்டியிருக்கிறது.

வெலிங்டனைப் பல குழுக்கள் விமானத்தில் தாண்டிவிடுகின்றன. அங்குள்ள டெ பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு வெண்கல மணி இருக்கிறது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் வட தீவில் பார்த்தபோது, மாவோரிப் பெண்கள் அதில் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். விளிம்பில் தமிழ் எழுத்து. முகைதீன் பக்சு என்பவரின் கப்பல் மணி என்று பொருள். இதை வைத்துத் தமிழரே நியூசிலாந்தை முதலில் கண்டனர் என்று எழுதுவோர் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. தமிழ் முஸ்லிம் வணிகர் ஒருவரின் கப்பல் மணி அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பதே போதிய வியப்பு.

தென் தீவில் படங்களில் பார்த்ததெல்லாம் இருக்கும். மில்ஃபோர்டில் ஆண்டுக்கு 6,000 மில்லி மீட்டருக்கும் மேல் மழை. குடை காற்றில் நிற்காது, மழைக்கோட்டு வேண்டும். 3,724 மீட்டர் உயர மலைக்கு 1998 முதல் 'அவோராக்கி மவுண்ட் குக்' என்று இரு பெயரும் சேர்த்தே வழங்குகிறது.

உணவு பற்றி: 'ஹாங்கி' என்பது சுட்ட கற்களின்மேல் குழிக்குள் மூடி வேகவைக்கும் விருந்து. இறைச்சியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் ஒரே குழியில் வேகும். சைவர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிடுவது நல்லது. கறிவேப்பிலை, விதை, தேன் கொண்டுபோகாதீர்கள். ஊறுகாய், பருப்புப்பொடி எதுவானாலும் விமானப் படிவத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள். எழுதாமல் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விதிக்கலாம்.

நமக்கு வெயில் கொளுத்தும் மே, ஜூன் அங்கே குளிர்காலத் தொடக்கம். ஜூன் இறுதி வாக்கில் போகிறவர்களுக்கு 'மாத்தாரிக்கி' வாய்க்கலாம். விடியலுக்கு முன் அந்த விண்மீன் கூட்டம் மீண்டும் தோன்றுவதை மாவோரிகள் புத்தாண்டாகக் கொண்டாடி, அந்த ஆண்டு இறந்தவர்களை நினைத்துக்கொள்கிறார்கள். 2022 முதல் அது நாடு முழுவதற்கும் விடுமுறை. அந்த விண்மீன் கூட்டம் வேறொன்றுமில்லை, நம் கார்த்திகைதான்.