உஷார்! மஞ்சள் கார்டு என்று சும்மா இருந்துவிடாதீர்கள்

புதுச்சேரியில் வயதான அப்பா அம்மாவை வைத்துப் பார்க்கிறவர்கள் இதை இன்றே படியுங்கள். "நமக்கு மஞ்சள் ரேஷன் கார்டு, பென்ஷன் வேறு வருது, சர்க்கார் காப்பீடெல்லாம் சிவப்புக் கார்டுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டு, ஆபரேஷன் என்றதும் நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். 70 வயது நிறைந்தவர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் வருமான வரம்பே கிடையாது. 2024 அக்டோபர் 29 முதல் இதுதான் நிலை. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. குடும்பத்துக்கு ஏற்கெனவே ஆயுஷ்மான் அட்டை இருந்தாலும் பெரியவருக்கென்று தனியாக இன்னொரு 5 லட்சம் உண்டு. இளையவர்கள் அதில் கைவைக்க முடியாது. பழைய சர்க்கரை, இதய நோய்க்கும் காத்திருப்புக் காலம் இல்லை.

வருமானச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், தேவையே இல்லாத காகிதம் அது. போனில் ஓ.டி.பி. கேட்பவரிடம் வாயே திறக்காதீர்கள். அட்டைக்கும் கட்டணம் கிடையாது.

ஆனால் ஆதாரை இப்போதே எடுத்துப் பாருங்கள். வயதை அதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். உத்தேசமாக ஒரு வருடம் சொல்லிப் பதிந்த பெரியவர்கள் நம் ஊரில் ஏராளம். 72 வயதுக்காரர் ஆதாரில் 68 என்றிருந்தால் கதவு அடைபட்டதுதான். பிறந்த தேதியைப் பொதுவாக ஒரே ஒரு முறைதான் திருத்தலாம் என்பதால் கையில் சரியான சான்று வேண்டும். இங்கே ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது: 1954 நவம்பர் 1-க்கு முன் பிறந்தவர்கள் பிரெஞ்சு ஆட்சியில் பிறந்தவர்கள், அந்த நிர்வாகம் பிறப்பைப் பதிவேட்டில் எழுதி வைத்தது. நகராட்சியில் விசாரியுங்கள்.

இன்னொன்று. மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான் இந்தப் பணம். மாதாமாதம் வாங்கும் பி.பி. மாத்திரைக்கும் வெளிநோயாளிச் சீட்டுக்கும் கிடையாது. மத்திய அரசு சுகாதாரத் திட்டத்திலோ முன்னாள் படைவீரர் திட்டத்திலோ இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், யோசித்து முடிவெடுங்கள்.

திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைதானா என்று அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். சந்தேகத்துக்கு 14555. நெஞ்சுவலி வந்த ராத்திரியில் ஆதாரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது, இந்த வாரமே அட்டையை எடுத்துவிடுங்கள்.