பனியனில் உள்ள சின்னம் பாக்கெட்டில் இல்லை

திருப்பூரில் தைத்து வெளிநாடு போகும் பனியனைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் ஒரு சின்ன லேபிள் இருக்கும். துவைப்பதற்குத் தொட்டிப் படம், பிளீச்சுக்கு முக்கோணம், சூட்டுக்கு இஸ்திரிப்பெட்டி. எந்த ஊர்க்காரருக்கும் புரியும். அதைத் தைத்தவர் டீ டைமில் பேக்கரியில் வாங்கும் சிப்ஸ் பாக்கெட்டிலோ, சைவம் என்று சொல்ல ஒரு பச்சை வட்டம் உண்டு. உப்பு அதிகம் என்று சொல்ல எதுவும் கிடையாது. பின்பக்கப் பொடி எழுத்தும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி. தமிழ் கட்டாயமில்லை. ஒடிசாவிலிருந்து வந்து செக்கிங்கில் நிற்கும் பெண்ணுக்கு ஒடியாவும் கிடைக்காது.

மொத்தச் சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றைத் தடித்த, பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்ற முன்மொழிவுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2024 ஜூலையில் ஒப்புதல் தந்தது. நல்லதுதான், ஆனால் எழுத்து பெரிதானால் மட்டும் மொழி தெரிந்துவிடாது. அதற்கு முன் 2022இல் நட்சத்திரக் குறியீட்டுக்கு ஒரு வரைவு வந்தது. அதன்படி மிக மோசமான பண்டத்துக்கும் அரை நட்சத்திரம் உண்டு. எச்சரிக்க வேண்டிய இடத்தில் மதிப்பெண் போடுகிறார்கள்! சிலி நாடு 2016இலேயே முன்பக்கத்தில் கறுப்பு எண்கோணம் போட்டுவிட்டது. இங்கே முன்பக்க எச்சரிக்கை கோரிய வழக்கில், நிபுணர் குழு மூன்று மாதத்தில் பரிந்துரை தர வேண்டும் என 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு அவகாசம் நீண்டது.

அதுவரை பாக்கெட்டின் பின்பக்கம்தான் கதி. முதலில் சோடியத்தைப் பாருங்கள். மில்லிகிராமில் இருக்கும் அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 800 மி.கி. என்றால் 2 கிராம் உப்பு. ஒரு நாள் வரம்பே 5 கிராம்தான். அந்த எண் 100 கிராமுக்கா, ‘ஒரு பரிமாறலுக்கா’ என்பதையும் கவனியுங்கள். பரிமாறலை 20, 30 கிராம் என்று குறுக்கிக் காட்டினால் எல்லாமே குறைவாகத் தெரியும். ஒன்றரை ஷிப்ட் முடித்துப் பசியோடு பிரிப்பவர் பாதியில் மூடி வைப்பாரா? சர்க்கரையில், ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ என்ற வரிதான் முக்கியம். நாளொன்றுக்கு 50 கிராம் என்பதை வைத்தே அதன் சதவீதம் கணக்கிடப்படுகிறது.

மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத குட்டி பாக்கெட்டுகளுக்கு ஊட்டச்சத்து விவரம் அச்சிடுவதிலிருந்து விலக்கு உண்டு. அந்த விவரம் மொத்த விற்பனைப் பாக்கெட்டில் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் அதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

பெரிய பாக்கெட்டில் உரிம எண்ணோ காலாவதித் தேதியோ இல்லை என்றாலும், லேபிளில் பொய் இருந்தாலும், படம் எடுத்துத் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322க்கு அனுப்புங்கள். தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரையிலும், ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. கட்டணம் செலுத்தி நீங்களே பரிசோதனைக்குக் கொடுக்கலாம். அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் கோவையிலேயே இருக்கிறது. ஆனால் பரிசோதிக்கப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். உணவு விதியை மீறியது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

நஷ்டஈடு வேண்டுமென்றால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம், அல்லது திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. பில்லையும் காலி பாக்கெட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.