நாய் பாதத்தை நக்கிக்கிட்டே இருக்கா? கற்பூர எண்ணெய் தடவும் முன் இதைப் படிங்க

சித்திரைத் தேரோட்டம் நெருங்கினால் சமயபுரம் சாலை முழுக்க வெறுங்கால் பக்தர்கள்தான். தார் சுட்டால் மனிதர்கள் ஓரமாக நிழல் பார்த்து ஒதுங்குவார்கள். பெல்ட் போட்டு வாக்கிங் அழைத்துப் போகும் நாய் எங்கே ஒதுங்கும்? திருச்சி வெயில் 40 டிகிரி என்றால், தார்ச்சாலை அதைவிட 20 டிகிரிக்கு மேல் கூடுதலாகச் சுடும். புறங்கையை ரோட்டில் 5 விநாடி வைத்துப் பாருங்க. உங்களால் முடியலைன்னா நாயாலும் முடியாது.

ஆனால் நாய் பாதத்தை நக்குவதற்கு எல்லா நேரமும் வெயில் காரணமில்லை. உண்ணி, தெள்ளுப்பூச்சி, சாப்பாட்டு ஒவ்வாமை, தூசி, பினாயில் போட்டுத் துடைத்த தரை என்று பட்டியல் நீளம். நக்க நக்க விரலிடுக்கில் ஈரம் தங்கும், அங்கே ஈஸ்ட் என்ற பூஞ்சை பெருகும், அதனால் இன்னும் அரிக்கும். ராஜபாளையம் மாதிரி வெள்ளை நாய்களுக்குப் பாத முடி செம்பழுப்பாக மாறியிருந்தால், அது எச்சில் கறை. ரொம்ப நாளாக நக்குகிறது என்று அர்த்தம். காதையும் சேர்த்துச் சொறிந்தால் ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வேப்பிலை, மஞ்சள் போடலாமா?

மாரியம்மன் குடியிருக்கும் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. வேப்பிலையைக் கொதிக்க வைத்து, நன்றாக ஆறிய தண்ணீரில் கழுவலாம். புண் இல்லாத தோலுக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் சொறியை உண்டாக்கும் நுண்பூச்சிகள் தோலுக்குள்ளேயும் முடிக்காலிலும் இருக்கின்றன. மேலே ஊற்றும் தண்ணீர் அவற்றைத் தொடாது. மஞ்சளைக் குழைத்துப் பூசினால் நாய் நக்கிவிடும், சோபாதான் மஞ்சளாகும்.

உண்மையான ஆபத்து வேறு. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தடவுவது பல வீடுகளில் பழக்கம். கற்பூரம் நாய்க்கு விஷம். தோல் வழியாகவும் உள்ளே போகும், நக்கினால் இன்னும் வேகமாகப் போகும். வாந்தியில் ஆரம்பித்து வலிப்பு வரை கொண்டுபோகும். மெக்கானிக் கடையில் வாங்கிவந்து பூசும் கழிவு ஆயில், மண்ணெண்ணெய் இரண்டும் அப்படித்தான். டெட்டாலும் வேண்டாம். மருந்துக்கடையில் தானாக ஐவர்மெக்டின் வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். கோலி வகை நாய்களுக்கு அது உயிரையே எடுக்கலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

வெளியே போய்வந்ததும் சாதாரணத் தண்ணீரில் நாலு பாதத்தையும் கழுவுங்க. அதைவிட முக்கியம், துண்டால் விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடைப்பது. இதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். நாம் குளிக்கும் சோப்பு நாய்த் தோலைக் காயவைக்கும். கால்நடை மருத்துவர் குளோர்ஹெக்சிடின் ஷாம்பூ எழுதிக் கொடுத்தால், நுரையோடு 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவணும். போட்டவுடனே கழுவினால் காசுக்குத்தான் கேடு. நக்குவதைத் தடுக்க, கழுத்தில் மாட்டும் கூம்பு வடிவ பிளாஸ்டிக் காலர் உதவும்.

இரண்டு மூன்று நாளில் குறையவில்லையா, முடி கொட்டுகிறதா, துர்நாற்றமா? மருத்துவரிடம் போயிடுங்க. தோலை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே பூச்சியா, பூஞ்சையா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். எதற்கும் அடங்காத தோல் நோய்க்கு, சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வரை அழைத்துப் போகிறவர்களும் உண்டு.

வீட்டில் யாருக்காவது சேர்ந்தே அரிப்பு வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்க. ஒரு வகை சொறி மனிதர்களுக்கும் தொற்றும். உண்ணி இருந்த நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்து, ஈறு வெளுத்துப் போயிருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடணும்.