சனிக்கிழமை அக்கா ஏன் வரவில்லை?

குழந்தைகள் இல்லங்களுக்கு வரும் தன்னார்வலர்களைப் பற்றி அங்கே சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், முதலில் வருவது நன்றிதான். கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டால்தான் மனத்தாங்கல் வெளியே வரும்.

பிறந்தநாள் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பங்கள் பிரியாணியோடு வந்து நிற்கும். செவ்வாய்க்கிழமை பல்வலியில் துடிக்கும் பிள்ளையை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வரிசையில் நிற்க ஆள் இருக்காது. கேக் வெட்டியதும் செல்போன்கள் கிளம்பிவிடும். “போட்டோ வேண்டாம் சார்” என்று காப்பாளர் சொன்னால், சோறு போட வந்தவரின் முகம் சுருங்கிவிடும். ஆனால் காப்பாளர் சொல்வது சட்டம். இல்லத்துப் பிள்ளையின் படத்தையோ அடையாளத்தையோ வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அங்கே இருக்கும் சிறுமியைத் தேடிக்கொண்டிருப்பவன், அவளுக்குத் தீங்கு செய்த சொந்தக்காரனாகவே இருக்கக்கூடும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போகும் ஒரு படம் அவனுக்குப் போதும்.

படத்தையாவது தடுத்துவிடலாம். பிள்ளைகளின் ஏக்கத்தைத் தடுக்க முடியாது என்பதுதான் ஊழியர்களின் பெரிய கவலை. கணக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு கல்லூரி மாணவி சனிக்கிழமைதோறும் வருகிறாள். பிள்ளைகள் “அக்கா, அக்கா” என்று ஒட்டிக்கொள்கிறார்கள். செமஸ்டர் முடிகிறது, அவள் சொல்லாமலே நின்றுவிடுகிறாள். ஏற்கெனவே பெற்றவர்கள் விட்டுப்போன பிள்ளைக்கு இது இன்னொரு விட்டுப்போதல். வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ராத்திரி தட்டைத் தள்ளிவிட்டு விடுதியம்மாவிடம்தான் அந்தப் பிள்ளை கத்தும். மாணவிக்கு இது தெரியவே போவதில்லை. விடுதியம்மாவோ மறுநாளும் அதே பிள்ளைக்குப் பேன் சீவி, யூனிஃபார்ம் போட்டுப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். சிரிப்பெல்லாம் வந்துபோகிறவர்களுக்கு, அழுகையெல்லாம் தங்களுக்கு என்று ஊழியர்கள் நினைப்பதைப் பொறாமை என்று ஒதுக்கிவிடுவது அநியாயம்.

இதற்கு அடியில் பிழைப்பைப் பற்றிய பயமும் இருக்கிறது. ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர் போன்ற பலர் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். இலவசமாகச் செய்ய ஆள் கிடைத்தால் தங்கள் இடம் என்னாகும் என்று அவர்கள் யோசிக்கத்தான் செய்வார்கள். அந்தப் பயம் வீண் இல்லை. 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தின் பணியாளர்களை மத்திய அரசு இன்றுவரை மதிப்பூதியக்காரர்களாகத்தான் வைத்திருக்கிறது. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்ல 2022இல் உச்ச நீதிமன்றம் வேண்டியிருந்தது. சேவை என்ற பெயரில் உழைப்பை மலிவாக வாங்குவது நம் அரசுகளுக்குக் கைவந்த கலை. ஆனால் அந்தக் கோபம் சனிக்கிழமை வரும் மாணவியின் மேல் திரும்பக் கூடாது.

அவளைவிட அதிகம் குறை சொல்ல வேண்டியது இல்ல நிர்வாகங்களைத்தான். வந்தவரை உட்காரவைத்து, இதுதான் உங்கள் வேலை, இன்னின்னதைப் பிள்ளைகளிடம் கேட்காதீர்கள், நிற்பதானால் ஒரு மாதம் முன்பே சொல்லிப் பிள்ளைகளிடம் விடைபெற்றுப் போங்கள் என்று முதல் நாளே பேசினால் பாதிச் சிக்கல் தீரும். பல இடங்களில் வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்தோடு வரவேற்பு முடிந்துவிடுகிறது. ஊழியர்கள் மனதார மதிப்பது, கை நிறைய வாங்கி வருபவரை அல்ல; சொன்ன கிழமையில் வந்து, “இன்னைக்கு என்னம்மா செய்யணும்?” என்று கேட்பவரைத்தான். அவர் துணி மடித்துக் கொடுத்தாலும் போதும்.

ஆள் அதிகம் தேவைப்படும் இடத்துக்கோ யாரும் வருவதில்லை. 18 வயது முடிந்ததும் பிள்ளைகள் இல்லத்தைவிட்டுப் போயாக வேண்டும். 21 வயது வரை பின்பராமரிப்புக்குச் சட்டத்தில் வழி உண்டு என்றாலும், வாடகைக்கு அறை பிடிக்க, ஆதாரில் முகவரி மாற்ற, முதல் வேலையில் சம்பளம் பிடித்துக்கொண்டால் போய்க் கேட்க, அவர்களுக்குக் கூட வர ஒரு பெரியவர் வேண்டும். கேக் வெட்ட முடியாத அந்த வயதுக்குத்தான் ஊழியர்கள் தன்னார்வலர்களைக் கேட்கிறார்கள்.